பிந்தியது யார்?

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, ரந்தாவ் பக்கம் மாமா வைத்திருக்கும் சின்னப் பட்டறைக்கு ஒரு பழைய காடி வந்தது. இஞ்சின் விளக்கு எரிகிறது. வேறொரு பட்டறையில் கேம் சென்சாரை மாற்றிக் காசு வாங்கியிருக்கிறார்கள். இரண்டே வாரத்தில் விளக்கு திரும்ப வந்துவிட்டது. நான் பொறியியல் படித்தவன். ஸ்கேனரைச் செருகினேன். பி0016.

"கேம் டைமிங் பிரச்சன மாமா" என்றேன்.

"அது சரி. யாரு பிந்துனது?" என்று கேட்டார்.

ஸ்கேனரில் அதற்குப் பதில் இல்லை.

இஞ்சினுக்குள் இரண்டு தண்டுகள் உண்டு. கீழே பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க். மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இரண்டையும் ஒரு சங்கிலியோ பெல்ட்டோ இணைக்கிறது. இரண்டின் பக்கத்திலும் சென்சார் உண்டு. கணினி இரண்டு சமிக்ஞைகளையும் ஒப்பிடுகிறது, பொருந்தாவிட்டால் பி0016. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சங்கிலி நீண்டிருக்கலாம், டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், எண்ணெய்க் கசடு வால்வை அடைத்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், சென்சாரே பொய் சொல்லலாம்.

1985 ஜூலை 9இல் புரோட்டோன் சாகா வந்தபோது கோட் எதுவும் இல்லை. தீப்பொறியின் நேரத்தை டைமிங் லைட் அடித்து, புல்லியின் குறியைப் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகிச் சரிசெய்தார்கள். மிச்சம் காது. கலிபோர்னியா காற்று மாசைக் கட்டுப்படுத்த 1988 மாடல் கார்களிலிருந்து தன்னைத்தானே சோதிக்கும் கணினியைக் கட்டாயமாக்கியது. 1996இல் அமெரிக்கா முழுக்க ஒரே வகைச் செருகியும் ஒரே வகைக் கோடுகளும் வந்தன. இங்கே 2005இல் வந்த 1.3 லிட்டர் மைவியில், ஓடும்போதே கேமின் நேரத்தை எண்ணெய் அழுத்தத்தால் மாற்றும் அமைப்பு இருந்தது. திருகிப் பார்க்க டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. போமன்கள் ஸ்கேனர் வாங்க ஆரம்பித்தார்கள்.

மாமா முதலில் எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தார். தார் மாதிரி கறுப்பு. "ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில ஸ்டார்ட் பண்ணிக் கேப்போம்" என்றார். அன்றிரவு அவர் வீட்டில் தங்கினேன். சாப்பிடும்போது பி0016 கதையைச் சொன்னதும் பாட்டி சிரித்தார். "எனக்கும் அது நடந்திருக்குடா" என்றார்.

நெகிரி செம்பிலான் ஏறக்குறைய 102 பாகை கிழக்கில் இருக்கிறது. சூரியனைக் கேட்டால் நம் நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 48 நிமிடம் முன்னால். ஆனால் 1941 செப்டம்பரில் மலாயாவின் நேரம் ஏழரை மணி ஆனது. 1942இல் ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்து ஒன்பது மணி ஆக்கினார்கள். அப்போது கடிகாரம் ஆறு என்றால் சூரியக் கணக்கில் நான்குகூட ஆகவில்லை. 1945இல் மறுபடி ஏழரை. 1982 ஜனவரி 1இல் சபா, சரவாக்கோடு ஒன்றாக்க, தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினார்கள்.

பால் மரத்துக்கு இதெல்லாம் தெரியாது. விடியற்காலைக் குளிரில் பட்டைக்குள் அழுத்தம் அதிகம். பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். மரத்துக்குச் சூரிய நேரம், பெரட்டுக்கு ஆபீஸ் நேரம்.

பாட்டி அப்போது போர்ட்டிக்சன் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். லயத்து வீட்டுக் கடிகாரத்தை யாரும் மாற்றவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள், வழக்கமான நேரத்துக்குப் பெரட்டுக்குப் போனார். அரை மணி லேட். கிராணி செக்ரோலில் எழுதினார். அரை நாள் சம்பளம் போனது.

"மணிய மாத்திட்டாங்க, மரத்த மாத்தல" என்றார் பாட்டி.

மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் இஞ்சின் முன்பக்கம் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம். அப்புறம் அமைதி. எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை டென்ஷனர் சங்கிலியைப் பிடிக்கவில்லை. நான் ஆஸ்சிலோஸ்கோப்பில் இரண்டு சமிக்ஞைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். கேம் பின்தங்கியிருந்தது. மூடியைக் கழற்றினால் டென்ஷனர் முழுக்க வெளியே வந்தும் சங்கிலி தொய்ந்து கிடந்தது. நீலாய் தொழிற்சாலைக்குத் தினமும் ஓடும் பையனின் காடி. எண்ணெய் மாற்றி ரொம்ப நாளாகிவிட்டதாம். சென்சார் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

நம் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் செக்ரோல்களிலும் துரைமார்களின் அறிக்கைகளிலும் இருக்கிறது. லேட், வரவில்லை, ஓடிப்போனான். 1910இல் நிறுத்தப்பட்ட ஒப்பந்தக் கூலி முறையில் ஓடிப்போவது தண்டனைக்குரிய குற்றம். எதிலிருந்து ஓடினான் என்பதற்கு அந்தப் பேரேட்டில் கட்டம் கிடையாது. அந்தப் பதிவுகள் பொய் என்று நான் சொல்லவில்லை. பி0016உம் பொய் இல்லை. இரண்டு பொருந்தவில்லை என்பதுதான் அதன் சாட்சி. அதை ஒருவர் மேல் தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் நல்ல சென்சாரைத்தான் தூக்கி எறிவோம்.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அரை நாளு எவ்வளவுன்னு ஞாபகமில்ல. ஆனா நான் பிந்தல."