1801 திருச்சிராப்பள்ளிப் பேரறிக்கையும் அதன் இடத்தேர்வும்

முன்னுரை

மருது பாண்டியர் பெயரில் 1801 ஜூன் 16ஆம் நாளிட்டு வெளியான போர் அறிக்கை இரண்டு இடங்களில் ஒட்டப்பட்டது. ஒன்று திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் இருந்த நவாபின் அரண்மனை வாயில். மற்றொன்று திருவரங்கம் கோயில் மதில். மருதிருவரின் ஆட்சிப்பகுதியோ தெற்கே சிவகங்கை. ‘சம்புத்தீவுப் பிரகடனம்’ என்று வழங்கும் இவ்வறிக்கைக்கு மலைக்கோட்டை நகரம் தேர்ந்தெடுக்கப்பட்டதன் பொருத்தத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோட்டையும் கும்பினியும்

ஆர்க்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில் முகமது அலி 1751இல் இக்கோட்டைக்குள்ளேயே முற்றுகையிடப்பட்டார். சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம் நிற்க, ஆங்கிலக் கும்பினி முகமது அலிக்குத் துணைநின்றது. 1752 ஜூனில் பிரெஞ்சுப் படை திருவரங்கத் தீவில் சரணடைந்தது. நவாபின் அரியணை காக்கப்பட்டது. ஆனால் படையுதவிக்கான கடன் பெருகி, நாட்டின் வரிவருவாய் படிப்படியாகக் கும்பினியின் கைக்குச் சென்றது. ஆகவே, நவாப்–கும்பினி உறவு வலுப்பெற்ற களமே திருச்சியும் திருவரங்கமும் எனலாம்.

அறிக்கையின் பொருள்

ஐரோப்பியருக்கு இடங்கொடுத்த முகமது அலியின் அறியாமையை அறிக்கை வெளிப்படையாகச் சாடுகிறது. நட்பாக வந்தவர் நம்பிக்கையைக் கெடுத்து நாட்டைத் தமதாக்கிக்கொண்டனர் என்பது அதன் முதன்மைக் குற்றச்சாட்டு. அக்குற்றச்சாட்டை நவாபின் வாயிலிலேயே ஒட்டியது தற்செயலானதாகத் தோன்றவில்லை.

அழைக்கப்பெற்றோர்

பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசுலிம்கள் எனச் சமுதாயத்தின் பல பிரிவினரையும் அறிக்கை விளிக்கிறது. கும்பினிப் படையில் ஊழியம் செய்த சுபேதார், ஜமேதார், சிப்பாய் ஆகியோரையும் அது அழைக்கிறது. படைநிலையாக விளங்கிய திருச்சியில் இவ்வழைப்பு நேரே அவர்கள் பார்வைக்கு வந்திருக்கக்கூடும். பல திசைகளிலிருந்தும் அடியார் வந்து செல்லும் திருவரங்கமோ செய்தி பரவுவதற்கு ஏற்ற இடம். படிப்பவர் இதைப் பிறருக்குப் பரப்ப வேண்டும், கிழிப்பவரைப் பாவம் சூழும் என்ற குறிப்பும் இதனுடன் பொருந்துகிறது.

இவ்வறிக்கையை இக்கால மக்களாட்சிக் கொள்கையோடு ஒன்றாக்குதல் பொருந்தாது. பரம்பரை உரிமையாளர் தத்தம் நாட்டை மரபுப்படி ஆள்வதையே அது நாடியது. எனினும், ஒரு பாளையத்தின் வழக்காக நில்லாமல், சாதி சமய எல்லை கடந்து பொதுப்பகையைச் சுட்டியமையே அதன் தனிச்சிறப்பு.

முடிவுரை

அறிக்கை வெளிவந்த ஒன்றரைத் திங்களில், 1801 ஜூலை 31ஆம் நாள் உடன்படிக்கையால் கருநாடக ஆட்சி கும்பினியிடம் சென்றது. அக்டோபர் 24ஆம் நாள் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1802இல் 70க்கும் மேற்பட்டோர் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டனர். போர் தோற்றது. எனினும், பாளையங்களின் எதிர்ப்பைத் தனித்தனிக் கலகங்களாகச் சுருக்கிக் காண இயலாது என்பதற்கு அவ்விரு மதில்களில் ஒட்டப்பட்ட அறிக்கையே சான்று. விடுதலைப் போராட்ட வரலாற்றில் திருச்சியின் பங்கை 1930ஆம் ஆண்டின் வேதாரண்யம் உப்பு நடைப்பயணத்திலிருந்து மட்டும் தொடங்காமல், 1801இலிருந்தே தொடங்குவது தகும்.