முதுசம்

“அது எங்கட அப்பாட முதுசம்” என்பது திருகோணமலையில் அன்றாடம் காதில் விழும் பேச்சு. தமிழ்நாட்டார் பூர்வீகச் சொத்து என்பதை ஈழத்தார் முதுசம் என்கிறோம். கன்னியா வெந்நீரூற்றுகளையும் முதுசம் என்கிறோம். ஊருக்கெல்லாம் பொதுவான மரபுச் செல்வம் என்ற பொருளில். வீட்டுக்குள் வந்தால் அதே சொல்லுக்கு வேலி முளைத்துவிடுகிறது.

பழைய வடிவம் முதுசொம். சொம் என்றால் உடைமை. ‘தனது’ எனப் பொருள்படும் வடமொழி ‘ஸ்வ’ அதன் வேர். முந்தையோரின் சொம் முதுசொமாகி, பேச்சில் முதுசமானது.

சட்டத்துக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் ஒல்லாந்தர். ஆளுநர் சைமன்ஸின் பணிப்பில் யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் அங்குள்ள தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தார். அதன் தமிழாக்கத்தைப் பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரி என்றார்கள். தகப்பன் வழியில் வந்தது முதுசம், தாய் கொண்டுவந்தது சீதனம், இருவரும் சேர்ந்து தேடியது தேடியதேட்டம். முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, சீதனம் பெண்பிள்ளைகளுக்கு. 1911இல் வந்த கட்டளைச் சட்டம் முதுசத்தின் பொருளை விரித்தது: பெற்றோரும் முன்னோரும் இறந்தபின் வழிவழியாக வருவது எதுவோ அது முதுசம்.

தேசவழமை யாழ்ப்பாண மாகாணத் தமிழருக்கென எழுதப்பட்டது. கிழக்கின் தமிழருக்குப் பொதுவாக 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே பொருந்தும்: பாதி துணைக்கு, மீதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. சட்டம் வேறானாலும் சொல் மட்டும் பழைய நியாயத்தைச் சுமந்தபடி இங்கே நிற்கிறது. “நீ சீதனம் வாங்கிற்றாய்தானே, முதுசத்தில உனக்கென்ன பங்கு?” என்று அண்ணன் கேட்பது 1707இன் குரல். “நானும் அப்பாட பிள்ளைதான்” என்று தங்கச்சி சொல்வது 1876இன் குரல். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை 1876இன் சட்டமே வைத்திருக்கிறது: கலியாணத்தின்போது பெற்றோரிடம் கூடுதலாகப் பெற்ற பிள்ளை, பெற்றோர் விலக்கு அளித்திருந்தாலன்றி, அதைக் கணக்கில் சேர்த்த பிறகே பங்கு கேட்கலாம். தங்கைக்கு ஒன்றுமில்லை என்று ஆகாது. சீதனமும் பங்கும் முழுதாக அவளுக்கு என்றும் ஆகாது. இந்த ஒரு பிரிவை நொத்தாரிசுமார் பெற்றோருக்கு முன்கூட்டியே விளக்கிச் சொன்னால் எத்தனையோ வீடுகளில் பேச்சு அறுந்திருக்காது.

முதுசக் காணியின் உறுதியை எடுத்து அட்டவணையை வாசித்துப் பாருங்கள். வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரின் பிள்ளைகளின் காணி என்று நான்கு எல்லையும் சொல்லி, கடைசியில் ‘இதில் பிரிபடாத ஆறில் ஒரு பங்கு’ என்று இருக்கும். எந்த மூலை என்று இராது. கிணறு ஆறு பேருக்கும், மாமரம் ஆறு பேருக்கும். ஐந்து பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, ஊரில் நின்ற ஆறாமவர் “வேலி அடைச்சதும் நான், சோலைவரி கட்டினதும் நான்” என்பார். அவர் பட்ட பாடு பொய்யல்ல. ஆனாலும் கொறயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில் பிரிவிக் கவுன்சில் 1911இலேயே சொல்லிவிட்டது: கூட்டு உரித்தாளர் ஒருவரின் ஆட்சி மற்றவர்களுக்காகவும் நடக்கும் ஆட்சி, மற்றவர்களின் உரித்தை மறுத்து வெளியேற்றியது காட்டப்படாமல் 10 ஆண்டு ஆட்சி மட்டும் தனி உரித்துக்குப் போதாது. போரினால் காணிக்குத் திரும்ப முடியாமற்போனவர்களுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் இன்னுமொரு காப்புத் தந்தது: 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அவர்களுக்கு எதிரான அந்த 10 ஆண்டுக் கணக்கில் சேராது என்றது அது.

கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்களின் பெர்மிட் காணிக்கும் முதுசம் என்ற பேச்சு உண்டு. அங்கே 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே வாரிசைத் தீர்மானிக்கிறது. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால், துணைக்குப் பின் காணி ஒருவருக்கே போகும். அந்த வரிசையில் மகள்மாருக்கு முன்னே மகன்மாரை நிறுத்தியிருந்தார்கள். 2022இல்தான் அந்த வரிசையைத் திருத்தினார்கள். அதுவரை, அப்பாவோடு சேர்ந்து வயலில் நாற்று நட்ட மூத்த மகளும் தம்பிக்குப் பின்னால்தான் நின்றாள்.