தொண்ணூறு வயதில் எடை தூக்கியவர்கள்

வீட்டில் தாத்தா நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், எல்லோரும் பதறிவிடுவோம். "நீங்க உக்காருங்க தாத்தா, நான் எடுத்துத் தர்றேன்" என்போம். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அது பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாசம் தாத்தாவின் கால்களுக்கு நல்லதா? மருத்துவ உலகத்துக்கே இதற்குத் தெளிவான பதில் கிடைக்க 1990 வரை ஆகியிருக்கிறது.

கதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்குகிறது. சிகாகோவில் இருந்த கார்டினர் ராணுவ மருத்துவமனைக்குக் காலில் அடிபட்டு வந்த வீரர்கள், நெடுநாள் படுக்கையில் கிடந்து தொடைத்தசை மெலிந்து போனார்கள். அங்கே வேலை பார்த்த தாமஸ் டிலார்ம் என்ற இளம் மருத்துவர் அவர்களை எடை தூக்க வைத்தார். தசைக்கு வலு கூடக் கூட எடையையும் கூட்டினார். பலன் கிடைத்தது. 1945-ல் இதைப் பற்றி எழுதியபோது "கன எடைப் பயிற்சி" என்றார். 1948-ல் வாட்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து எழுதியபோது "படிப்படியாக எடை கூட்டும் பயிற்சி" என்று பெயர் மாறியிருந்தது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, அவர்கள் இளைஞர்கள். முதியவர்களுக்கு? 1980-ல் மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இருவர் எழுபது வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். வலு கூடியது. ஆனால் தசை வளரவில்லை, நரம்புகள் தசையை முன்பைவிட நன்றாக வேலை வாங்குகின்றன, அவ்வளவுதான் என்று முடிவு சொன்னார்கள். அதாவது, முதிய தசை இனி வளராது!

1988-ல் அந்த முடிவு ஆட்டம் கண்டது. பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் முதுமை ஆய்வு மையத்தில் ஃப்ராண்டெரா குழுவினர் 60 முதல் 72 வயது வரையுள்ள ஆண்களுக்கு 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். எடையை முன்பைவிட அதிகமாக வைத்தார்கள். காலை நீட்டும் வலு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. சி.டி. ஸ்கேனில் பார்த்தால் தொடைத்தசையும் வளர்ந்திருந்தது. அதே மையத்தைச் சேர்ந்த இர்வின் ரோசன்பர்க்தான் வயதால் தசை கரைவதற்கு "சார்கோபீனியா" என்று பெயர் வைத்தவர். கிரேக்க மொழியில் சதை வறுமை என்று பொருள்.

அடுத்தது 1990. டாக்டர் மரியா ஃபியாடரோன் பாஸ்டனில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். சராசரி வயது 90! வாரம் மூன்று நாள், எட்டு வாரம். முதல் வாரம் அவரவர் தூக்கக்கூடிய உச்ச எடையில் பாதி. பிறகு 80 சதவீதம். பயிற்சியை முடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத்தசையின் பரப்பு 9 சதவீதம் வளர்ந்தது. இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். பயிற்சியை நிறுத்தியதும் நான்கே வாரத்தில் வலு 32 சதவீதம் இறங்கிவிட்டது என்பதும் இதே ஆய்வில்தான் இருக்கிறது.

பத்துப் பேரை வைத்து என்ன சொல்ல முடியும் என்று கேட்பீர்கள். 1994-ல் அவரே நூறு பேரை வைத்துச் செய்தார். சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துபானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. பயிற்சி செய்தவர்களுக்கு வலுவும் நடை வேகமும் கூடின. சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குக் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. டப்பா டப்பாவாகச் சத்துமாவு வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியடையும் நமக்கெல்லாம் இது ஒரு பாடம்.

வணிகவியலில் தேய்மானம் என்று ஒன்று படிக்கிறோம். இயந்திரம் ஓட ஓடத் தேயும், ஒவ்வொரு வருடமும் அதன் மதிப்பில் கொஞ்சம் கழிக்க வேண்டும். நாம் தாத்தா பாட்டியையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறோம். ஆனால் தசைக்குக் கணக்கே வேறு. ஓடாமல் நிறுத்தி வைத்தால்தான் அது வேகமாகத் தேய்கிறது.

உடனே தாத்தா கையில் டம்பெல்லைக் கொடுத்துவிடாதீர்கள். டிலார்ம் வைத்த பெயரை நினைத்துக்கொள்ளுங்கள்: படிப்படியாக. நாற்காலியில் கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். அது சுலபமான பிறகு எட்டு தடவை. இதய நோயோ மூட்டுப் பிரச்சினையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். மென்மையாகத் தொடங்குவது சரி, ஆனால் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டால் பலன் குறைவு.

இதையெல்லாம் படித்த பிறகு, தாத்தா தண்ணீர் எடுக்க எழுந்தால் நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறேன். அவரே எடுத்துக் குடிக்கிறார்.