சிவகிரி வட்டார விறகும் சங்கிலி ரம்பமும்

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி சிவகிரி. முன்பு சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்த ஜமீன் ஊர். மேற்கே மலையும் காப்புக்காடும். கிழக்கே குருவிகுளம் வரை வானம் பார்த்த கரிசல். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வந்தபின் காப்புக்காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டுவது குற்றமாயிற்று. அதனால் அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் வேண்டிய விறகைத் தரிசிலும் ஓடைக்கரையிலும் குளத்துக்குள்ளும் தேட வேண்டியிருந்தது. இன்று அங்கெல்லாம் மண்டிக் கிடப்பது சீமைக்கருவேலம்.

இம்மரம் தமிழகத்துக்கு உரியதன்று. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இதனை 1877-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேய வனத்துறை சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தது. தொடக்ககால நடவுகளுள் ஒன்று கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் நடந்தது. வறண்ட நிலத்துக்கு விறகு வேண்டும் என்பதே நோக்கம். நோக்கம் தேவைக்கு மேலேயே நிறைவேறிவிட்டது எனலாம்.

நீர்நிலைகளில் இம்மரம் பெருகியதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களுள் முக்கியமானவர், சங்கரன்கோவில் பகுதியிலுள்ள கலிங்கப்பட்டியைச் சேர்ந்த வைகோ. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் தென்மாவட்டங்களில் மரங்களை அகற்றும் பணி வேகம் பெற்றது. 2022-இல் தமிழக அரசு ஊடுருவும் அயல் தாவரங்கள் குறித்துக் கொள்கை வகுத்தது. கோடாரியும் வெட்டரிவாளும் செய்துவந்த வேலைக்கு மண் அள்ளும் இயந்திரமும், பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பமும் வந்துவிட்டன. ஊர்ப்பேச்சில் இதற்கு 'மிஷின் ரம்பம்' என்றே பெயர்.

எலும்பிலிருந்து மரத்துக்கு

இக்கருவியின் மூதாதை மரம் அறுக்கப் பிறக்கவில்லை. 1830 வாக்கில் ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் ஹைனே, கைப்பிடியைச் சுழற்றினால் பல்வைத்த சங்கிலி ஓடும் ஒரு கருவியைச் செய்தார். அது அறுவை மருத்துவத்தில் எலும்பு அறுக்கப் பயன்பட்டது. மரத்துக்கான இயந்திரம் ஏறத்தாழ நூறாண்டு கழித்தே வந்தது. ஆந்திரேயாஸ் ஸ்டில் 1926-இல் மின்சாரத்தால் ஓடும் ரம்பத்தையும், எமில் லெர்ப் 1927-இல் பெட்ரோல் ரம்பத்தையும் செய்தனர். ஸ்டில்லின் முதல் ரம்பம் 64 கிலோ. இருவர் தூக்கினால்தான் வேலை நடக்கும்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து மரம்வெட்டி ஜோசப் காக்ஸ், மரத்தைக் குறுக்கும் நெடுக்குமாகத் தின்று செல்லும் வண்டுப் புழுவின் தாடையைக் கூர்ந்து பார்த்தார். 1947-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த சங்கிலியின் பற்கள் அந்தத் தாடையைப் போல வளைந்தவை. மரத்தைக் கீறாமல் செதில் செதிலாகச் சீவின. இன்றைய சங்கிலிகளும் அந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. 1959-இல் ஸ்டில் நிறுவனத்தின் 'காண்ட்ரா' ரம்பம் 12 கிலோ அளவுக்கு இறங்கியது. ஒற்றை ஆள் தூக்கி நடக்கும் கருவியாயிற்று.

எடை குறைந்து வேகம் கூடியதும் புதிய காயங்கள் தோன்றின. 'பார்' எனப்படும் நீள் தகட்டின் நுனியில், மேல்பாதி எதன்மீதேனும் பட்டால் ரம்பம் கண் இமைக்கும் நேரத்தில் மேல்நோக்கி உதைத்து, பிடித்திருப்பவரின் முகத்துக்கோ கழுத்துக்கோ வரும். சங்கிலியோ நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுவது. 1960-களில் பல நாடுகளின் வனத்தொழிலாளர்களிடம், அதிர்வினால் விரல்கள் வெளிறி மரத்துப்போகும் நோயும் கண்டறியப்பட்டது. அதிர்வைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகள் அதற்காக வந்தவை. உதைப்புக்கு விடையாக 1972-இல் ஸ்டில் நிறுவனமும் 1973-இல் ஹஸ்க்வர்னாவும் சங்கிலித் தடையைக் கொண்டுவந்தன. இடதுகைக்கு முன்னால் நிற்கும் பிளாஸ்டிக் காப்பு வெறும் மறைப்பன்று; அதுவே அத்தடையின் நெம்புகோல். அது உடைந்த ரம்பத்தை ஓட்டுவது பிரேக் இல்லாத வண்டியை மலைப்பாதையில் இறக்குவதற்கு ஒப்பாகும்.

கருவேலத்தில் கூடுதல் ஆபத்து

கருவி வந்த வேகத்தில் பயிற்சி வரவில்லை. சுவீடனில் இதைத் தொழிலாகக் கொள்வோர் பயிற்சி பெற்றுத் தேர்ச்சி காட்ட வேண்டும். இலங்கை அரசு 2019-இல் சங்கிலி ரம்பங்களைக் காவல் நிலையங்களில் பதிவு செய்யச் சொன்னது; ஆனால் அது காட்டைக் காக்க எழுந்த ஏற்பாடே தவிர, வெட்டுபவரைக் காக்க எழுந்ததன்று. நம் ஊர்களில் 58 சி.சி. ரம்பம் வேளாண் கருவிக் கடையிலும் இணையத்திலும் எளிதாகக் கிடைக்கிறது. கயிலியும் ரப்பர் செருப்புமாக அதைப் பிடித்து நிற்பவர்களைப் பல ஊர்களிலும் காணலாம். தளர்ந்த துணி சங்கிலியில் சிக்கும். இதற்கென்று செய்யப்படும் காற்சட்டையில் நீண்ட இழைகள் அடுக்கப்பட்டிருக்கும். சங்கிலி பட்டால் அவை பற்சக்கரத்தில் சுற்றி ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

சீமைக்கருவேலம் ஒரே தூரிலிருந்து பல கிளைகளாக வளைந்து எழுவது. ஒரு கிளையை அறுக்கையில் தகட்டின் நுனி பின்னாலுள்ள மற்றொன்றில் மறைவாகப் படும். உதைப்புக்கு இதைவிட வசதியான மரம் அரிது. மறுபடி துளிர்க்கக் கூடாதென்று தரையை ஒட்டி அறுத்தால் நுனி கல்லிலும் மண்ணிலும் மோதும். எனவே முதலில் அரிவாளால் முள்ளையும் சிறு கொப்பையும் கழித்து, நிற்க இடமும் விலக வழியும் உண்டாக்கிக் கொண்டபின்பே இயந்திரத்தை இயக்க வேண்டும். தடையைப் போட்டு, ரம்பத்தைத் தரையில் வைத்து, பின்கைப்பிடியை வலது காலால் மிதித்துக்கொண்டே கயிற்றை இழுக்க வேண்டும். அறுக்கையில் இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றியிருக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது.

கிடக்கும் கட்டையிலும் கணக்கு உண்டு. இருமுனையும் தாங்கலில் இருந்தால் மேற்புறம் இறுகியிருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒருமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் இதற்கு நேர்மாறு. முறை தவறினால் கட்டை ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். அப்போது இழுத்துப் பறிக்காமல் எஞ்சினை நிறுத்திவிட்டு ஆப்பு அடிப்பதே வழி. இதை அந்தக் காலத்து மரவெட்டிகள் நன்கு அறிவார்கள். ஆப்பும் சம்மட்டியும் இல்லாமல் அவர்கள் வேலைக்குக் கிளம்பியதில்லை.

அறுக்கும்போது விழுவதையும் கவனிக்க வேண்டும். செதிலாக விழுந்தால் காக்ஸின் பற்கள் வேலை செய்கின்றன. மாவுபோல் விழுந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது. கையால் அழுத்தி ஓட்டாமல் நிறுத்தி அரம் போட வேண்டும்.