கருந்திரையின் வரலாறு

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, சந்தா கட்டிப் பார்க்கும் திரைப்படம் ஒன்றுக்காக வீட்டில் அனைவரும் கூடத்தில் அமர்ந்தோம். படம் வரவில்லை. நகல் தடுப்புப் பிழை என்ற பொருளில் ஒரு வரியும் ஓர் எண்ணும் மட்டும் கருந்திரையில் நின்றன. இணையத்தில் குறையில்லை, சந்தாவில் நிலுவையில்லை. ஸ்ட்ரீமிங் பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே பல ஆண்டுகளாக இருந்துவரும் ஆம்ப்ளிஃபையரே காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அது பழுதாகவில்லை. புதிய கருவிகள் அதை நம்ப மறுத்தன, அவ்வளவுதான். பணம் கொடுத்தவரையே ஐயுறும் இந்த வழக்கத்துக்கு நாற்பதாண்டு வரலாறு உண்டு.

1976-இல் யுனிவர்சல், டிஸ்னி நிறுவனங்கள் சோனியின் பீட்டாமாக்ஸ் பதிவுக்கருவிக்கு எதிராக அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. ஹாலிவுட்டின் சார்பில் பேசிய ஜாக் வலென்டி, 1982-இல் நாடாளுமன்றக் குழுவின் முன், பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற பாஸ்டன் கொலைகாரனுடன் அக்கருவியை ஒப்பிட்டார். 1984 ஜனவரி 17 அன்று உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நிகழ்ச்சியைப் பின்னர் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமன்று என்று தீர்ப்பளித்தது.

நீதிமன்றம் தராததைப் பொறியியல் தந்தது. எண்பதுகளின் நடுவில் வந்த மேக்ரோவிஷன், திரையில் தெரியாத வரிகளில் பொய்யான மின்துடிப்புகளை ஒளித்துவைத்தது. பதிவுக்கருவி படத்தின் வெளிச்ச அளவைத் தவறாகக் கணித்து, நகலை இருட்டியும் வெளுத்தும் கெடுத்தது. பின்னாளில், நகலெடுக்கும் எண்ணமே இல்லாமல், பழைய தொலைக்காட்சியில் இணைக்க வேறு வழியின்றி டிவிடி பெட்டியை விசிஆர் வழியாக இணைத்தவர்களுக்கும் அதே இருட்டும் வெளுப்பும்தான் கிடைத்தன. என் ஆம்ப்ளிஃபையரின் கதை அன்றே தொடங்கிவிட்டது.

டிவிடியின் பூட்டை 1999-இல் திறந்தவர்களுள் ஒருவர் யோன் லெக் யோஹான்சன் என்னும் பதினைந்து வயது நார்வே சிறுவர். விலைகொடுத்து வாங்கிய வட்டை லினக்ஸ் கணினியில் பார்ப்பதே நோக்கம் என்பது அவர் தரப்பு வாதம். 2003-இல் இருமுறை அவர் விடுவிக்கப்பட்டார். அமெரிக்காவிலோ 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டைத் திறப்பதையே குற்றமாக்கியிருந்தது. கேள்வி இடம் மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். நகலெடுத்தாயா என்பது போய், பூட்டைத் தொட்டாயா என்பது வந்தது.

இன்று நம் வீட்டுக் கேபிள்களில் காவல் நிற்கும் எச்.டி.சி.பி, இன்டெல் நிறுவனம் உருவாக்கியது. அதன் முதல் தலைமுறையில் ஒவ்வொரு கருவிக்கும் 40 இரகசியச் சாவிகள். இரு கருவிகள் இணைந்ததும் தத்தம் சாவிகளைக் கூட்டி, ஒரே விடை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளும். ஏறத்தாழ 40 கருவிகளின் சாவிகள் கிடைத்தால் முழு அமைப்பையும் மீட்டுருவாக்கலாம் என்று 2001-லேயே ஆய்வாளர்கள் காட்டினர். அதே ஆண்டில் தானும் அதை உடைத்துவிட்டதாகச் சொன்ன நீல்ஸ் ஃபெர்குசன், அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சித் தன் ஆய்வை வெளியிடவில்லை. 2010 செப்டம்பரில் மூலச்சாவியே இணையத்தில் வெளியாயிற்று. அது மெய்யானதுதான் என்று இன்டெல்லும் ஒப்புக்கொண்டது.

2013-இல் வந்த 2.2 பதிப்பு முற்றிலும் புதிய பூட்டு. எதிர்முனைக் கருவி 20 மில்லி வினாடிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்; தாமதித்தால் அது வெகுதொலைவில் இருப்பதாகக் கொள்ளப்படும். 4கே படங்களுக்கு இப்பூட்டு நிபந்தனையாயிற்று. அதற்கு முன் விற்பனையான 4கே தொலைக்காட்சிகள் பலவற்றில் இது கிடையாது. 3840 x 2160 புள்ளிகளும் திரையில் இருக்கும். படத்துக்குத்தான் அனுமதி இராது.

ஆகவே இப்பிழை வந்தால் கேபிளை மாற்றும் முன் சங்கிலியைப் பாருங்கள். நடுவிலிருக்கும் ஆம்ப்ளிஃபையரையோ பிரிப்பானையோ நீக்கி, பெட்டியைத் தொலைக்காட்சியுடன் நேரடியாக இணையுங்கள். சில தொலைக்காட்சிகளில் ஓரிரு எச்.டி.எம்.ஐ துளைகளுக்கு மட்டுமே 2.2 உண்டு, கையேட்டில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றின் மின்சாரத்தையும் துண்டித்து மீண்டும் கொடுத்தால் கருவிகள் புதிதாக அறிமுகம் செய்துகொள்ளும். ஒன்றும் பலிக்காவிடில் படத்தின் துல்லியத்தை 1080-க்கு இறக்கிப் பார்க்கலாம். பெரும்பாலும் பழைய பூட்டே அதற்குப் போதும்.

இத்தனை தடைகளும் சந்தா கட்டியவருக்கே. திருட்டு நகலில் பூட்டு இல்லை. அதைப் பார்ப்பவர் பழைய ஆம்ப்ளிஃபையரைத் தூக்கி எறிய வேண்டியதும் இல்லை. பூட்டுகள் உடைந்த ஒவ்வொரு முறையும் வந்த அடுத்த பூட்டுக்கு ஈடாக நாம் புதுக்கருவி வாங்கியிருக்கிறோம்.

ஆம்ப்ளிஃபையரை எடைக்குப் போட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். மனம் வரவில்லை. தொலைக்காட்சியிலிருந்து ஓர் ஆப்டிகல் கேபிள் இழுத்து அதில் செருகினேன். ஒலி இன்றும் அதன் வழியாகத்தான் வருகிறது. படத்தை மட்டும் அதன் கண்ணில் காட்டுவதில்லை.