சிலேட்டும் மலைச்சரிவும்

சிறு காரணம் பெருங்கேட்டை விளைவிக்குமா? இவ்வினாவுக்குச் சரித்திரம் தரும் விடைகளுள் ஒன்று, சிறுவர் எழுதிப் பழகும் சிலேட்டோடு தொடர்புடையது.

எல்ம் என்பது ஸ்விட்சர்லாந்தின் கிளாரஸ் பகுதியிலுள்ள மலைக் கிராமம். பள்ளிகள் பெருகவே சிலேட்டுக் கல்லுக்குக் கிராக்கி மிகுந்தது. 1868-ஆம் ஆண்டு முதல் அவ்வூரார் மலையின் அடிப்பகுதியைக் குடைந்து கல் எடுத்தனர். குடைவு சுமார் 180 மீட்டர் அகலத்துக்கு விரிந்தது. மேலே பாறையில் பிளவு தோன்றி, நாளடைவில் அகன்றது, கற்களும் உதிர்ந்தன. ஆயினும் ஆபத்து அண்மையில் இல்லையென்றே கருதினர். 1881 செப்டம்பர் 11-ஆம் நாள் மாலை மலை சரிந்தது. சுமார் ஒரு கோடி கனமீட்டர் பாறை பாய்ந்து 115 உயிர்களைப் பலி கொண்டது.

பின்னர் இதனை ஆராய்ந்தவர் ஆல்பர்ட் ஹைம் என்ற நிலவியல் அறிஞர்.

அன்பர்களே, உளிக்கு மலையைச் சாய்க்கும் வலிமை ஏது? செங்குத்தான பாறையின் பெரும் பாரமே அழிவுக்குரிய ஆற்றலைப் பெற்றிருந்தது. உளியோ, அப்பாரத்தைத் தாங்கிய அடியைப் பதின்மூன்று ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக அகற்றியது. ஆகவே, எல்லாச் சிறு செயலும் பேரழிவைத் தூண்டுவதில்லை. நிலைகுலையும் தறுவாயில் உள்ள இடத்திலேயே தூண்டும். அந்நிலையைப் பிளவுகள் முன்னரே அறிவித்தன. அவ்வறிவிப்பை உணர்ந்து விலகுவதே அறிவுடைமை.