கடன் அட்டை, தனிப்பட்ட தகவல் மோசடி: தென்காசி, குற்றாலம்

பிறருடைய அட்டை எண், காலாவதித் தேதி, சிவிவி, ஓடிபி ஆகியவற்றையோ, ஆதார், பான், கைப்பேசி எண் போன்ற அடையாளங்களையோ கைப்பற்றி, அவர் பெயரில் பணம் எடுப்பதும் பொருள் வாங்குவதும் கடன் பெறுவதும் இந்த வகைக் குற்றங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு பிறர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவதையும், 66டி பிரிவு கணினி அல்லது கைப்பேசி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதையும் தண்டிக்கின்றன. இரண்டுக்குமே 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது தென்காசி. அதன் குற்றாலத்துக்கு ஆண்டில் இரண்டு முறை வெளியூர்க் கூட்டம் திரள்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலம். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள். வந்தவர் ஒரே நாளில் லாட்ஜ், வேன், எண்ணெய்க் குளியல், பிரானூர் பார்டர் பரோட்டாக் கடை, சிப்ஸ் கடை என்று முன்பின் அறியாத பலரிடம் அட்டையையோ கைப்பேசியையோ அடையாள நகலையோ நீட்ட வேண்டியிருக்கிறது. இவர்கள் சீசனை நம்பி நேர்மையாகப் பிழைப்பவர்கள். ஏமாற்றுகிறவன் இந்த ஊரிலேயே இருக்க வேண்டியதில்லை. அவன் காலடி குற்றாலத்தில் பட்டிருக்க வேண்டியதும் இல்லை.

அறை முன்பதிவு

அருவியில் தண்ணீர் விழுகிறது என்ற செய்தி பரவியதும் சனி, ஞாயிறுக்கு அறை தேடும் அவசரம் தொடங்குகிறது. அந்த அவசரத்தைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். உண்மையான விடுதியின் படங்களை எடுத்துப் போலி இணையதளமோ முகநூல் பக்கமோ அமைத்து, அதில் தங்கள் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். இணைய வரைபடங்களில் உள்ள தொலைபேசி எண்ணைப் பொதுமக்களே திருத்தப் பரிந்துரைக்கலாம் என்ற வசதியும் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. உள்துறை அமைச்சகத்தின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் இதுபற்றி எச்சரித்தது. கேதார்நாத் ஹெலிகாப்டர் முன்பதிவு, பக்தர்களுக்கான விடுதி, வாடகைக் கார், சுற்றுலாத் தொகுப்பு ஆகியவற்றின் பெயரில் போலித் தளங்கள் நடத்தப்படுவதாக அது சொன்னது. கோயிலும் அருவியும் சேர்ந்த குற்றாலத்துக்கு அந்த எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

தேடலில் முதலில் வருவது பல நேரம் கட்டண விளம்பரம். அதை நம்பிப் பணம் அனுப்புவதைவிட, முன்பு தங்கியவரிடம் உள்ள பில்லில் அச்சிட்ட எண்ணில் பேசுவது நல்லது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு என்றால் கழகத்தின் சொந்த இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். முன்பணம் அனுப்பும்போது திரையில் தெரியும் பெயர் விடுதியின் பெயராக இல்லாவிட்டால், அது யாருடையது என்று கேட்டுத் தெளிவாக வேண்டும். சிறு விடுதிகள் உரிமையாளர் பெயரில் கணக்கு வைத்திருப்பது உண்டு. கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

முன்பணம் கொடுப்பதைவிட ஆபத்தானது அதைத் திரும்பக் கேட்கும் நேரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெருமழை பெய்தால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. பயணத்தை ரத்து செய்தவர் பணத்தை மீட்க இணையத்தில் ஏதோ ஓர் எண்ணைத் தேடி எடுத்து அழைக்கிறார். “இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துரும்” என்கிறது மறுமுனை. யுபிஐயில் பணம் பெறுவதற்கு எப்போதும் பின் எண் வேண்டியதில்லை. அனுப்புவதற்குத்தான் வேண்டும். இந்த ஒன்றை வீட்டில் உள்ள எல்லாருக்கும் சொல்லி வைத்தாலே பல இழப்புகள் நேராது. தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு யுபிஐயில் கோரிக்கை அனுப்பும் வசதியைத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. கியூஆர் வழி ஏமாற்று இன்னும் நிற்கவில்லை.

அட்டையை நீட்டும்போது

காந்தப் பட்டை மட்டும் கொண்ட பழைய அட்டையை நகலெடுப்பது எளிது. 2018 டிசம்பர் 31-க்குள் அவற்றைச் சிப் அட்டைகளாக மாற்றும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2016இல் ஏடிஎம் சேவை தரும் ஒரு நிறுவனத்தின் கணினியில் தீநிரல் புகுந்து சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகள் பாதுகாப்பிழந்தன. அட்டையை வைத்திருந்தவர்கள் யாரும் அதில் தவறு செய்யவில்லை. சிப் வந்தபின் நகலெடுப்பு கடினமானது. ஆனால் அட்டையின் இரு பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்தால் எண்ணும் சிவிவியும் போய்விடும். ஆகவே அட்டையைக் கல்லாவுக்குக் கொடுத்தனுப்பாமல் மெஷினை மேசைக்குக் கொண்டுவரச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 2021 ஜனவரி முதல் 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே தட்டிச் செலுத்தலாம் என்பதால், தட்டுவதற்கு முன் திரையில் உள்ள தொகையைப் படிக்க வேண்டும்.

இணையவழி அட்டைப் பரிவர்த்தனைக்குக் கூடுதல் உறுதிப்படுத்தல் வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2009 ஆகஸ்ட் முதல் இருக்கிறது. பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே பணம் எடுத்துவிடுவதால், திருடப்பட்ட எண்கள் அங்கே போகின்றன. இதற்கு நல்ல தடுப்பு நம் கையிலேயே இருக்கிறது. வெளிநாட்டு, இணைய, தட்டிச் செலுத்தும் பயன்பாடுகளை அட்டைதாரர் தனித்தனியாக நிறுத்தவும் இயக்கவும் வரம்பு வைக்கவும் வங்கிகள் வசதி தர வேண்டும் என்ற ஆணை 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நிறுத்திவைக்க ஒரு நிமிடம் போதும்.

அருவிக்கரையில் கைப்பேசி

குளிக்க இறங்குபவர்கள் எல்லாருடைய கைப்பேசிகளையும் ஒரு பையில் போட்டு ஒருவரிடம் கொடுப்பது குற்றாலத்து வழக்கம். அந்தப் பை காணாமல் போனால் கருவியின் விலையோடு இழப்பு நிற்காது. பூட்டிய கைப்பேசியிலிருந்து சிம்மைக் கழற்றி வேறொரு கருவியில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே வரும். அமைப்புகளில் சிம்முக்கே தனிப் பூட்டு எண் வைத்துவிட்டால் இந்த வழி அடைபடும். மூன்று முறை தவறாக அழுத்தினால் சிம் முடங்கி பியூகே எண் கேட்கும் என்பதால், எண்ணை மறக்காமல் வைக்க வேண்டும். பூட்டிய திரையில் குறுஞ்செய்தி தெரியாதபடி மறைப்பதும் அவசியம். தொலைந்தால் முதலில் சிம்மை முடக்க வேண்டும், அடுத்து வங்கிக்குச் சொல்ல வேண்டும். கருவியை முடக்கத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் இருக்கிறது. தம் பெயரில் எத்தனை சிம்கள் ஓடுகின்றன என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

ஆதார் நகல்

அறை தரும்போது அடையாளச் சான்று வாங்குவது விடுதிகளின் நடைமுறை. ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலை எவரிடமும் கொடுக்க வேண்டாம், உரிமம் பெறாத ஓட்டல்களும் திரையரங்குகளும் அதை வாங்கி வைக்கக் கூடாது என்றது அது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில், மே 29 அன்று, மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பு போனாலும் அதில் இருந்த அச்சம் நியாயமானது. வரவேற்பு மேசையில் உள்ள கைப்பேசிக்கு வாட்ஸ்அப்பில் போன ஆதார்ப் படம் எத்தனை ஆண்டு அங்கே கிடக்கும், எத்தனை பேர் கண்ணில் படும் என்று எவராலும் சொல்ல முடியாது.

கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆணையத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஓட்டுநர் உரிமத்தையும் கொடுக்கலாம். ஜெராக்ஸ் கொடுத்தால் விடுதியின் பெயர், தேதி, காரணம் ஆகியவற்றை அதன் குறுக்கே எழுதுவது பழைய முறை, இன்றும் பயனுள்ள முறை.

தகவல் கசிவது சிறு விடுதிகளில் மட்டுமல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2024இல் டெலிகிராம் வழியே வெளியாயின. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கத் தவறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

உள்ளூர் மக்கள்

ஆலங்குளம், கடையம் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கும் ஓய்வூதியம் வாங்கும் முதியோருக்கும் ஆபத்து வேறு வழியில் வருகிறது. ஊரில் வங்கி முகவரிடம் விரல் ரேகை வைத்துப் பணம் எடுப்பவர்கள், பிறர் பயன்படுத்த முடியாதபடி மற்ற நேரங்களில் அந்த ரேகையை ஆதார் தளத்தில் பூட்டி வைக்கலாம். “கேஒய்சி முடிஞ்சிருச்சு, கணக்கை முடக்கிருவோம்” என்ற அழைப்பும், போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பும் பொறிகள்தான். அந்தக் கோப்பை நிறுவினால் குறுஞ்செய்திகளை அது படித்துவிடும். வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வங்கித் தளங்களின் முகவரி ‘பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கூறி, 2025 அக்டோபர் 31 வரை அவகாசம் தந்தது.

பணம் போய்விட்டால்

1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நிமிடங்களில் தாவுகிறது. வெளியே எடுப்பதற்குள் புகார் போனால் அதை நிறுத்திவைக்க முடியும். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும், தென்காசி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். வங்கிக்குத் தனியாகச் சொல்லி அட்டையை முடக்கி, புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும்.

இழப்பு யாருடையது என்பதை ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை வரையறுத்தது. வங்கியின் குறையால் நேர்ந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாமல் வேறெங்கோ கசிந்திருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கும் இழப்பில்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால், 5 லட்சம் வரை வரம்புள்ள கடன் அட்டைக்கு 10,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 25,000 ரூபாயும் உச்ச வரம்பு. ஓடிபியை வாடிக்கையாளரே சொல்லியிருந்தால், புகார் செய்யும் நேரம் வரையிலான இழப்பு அவருடையது. அதற்குப் பிறகு போவது வங்கியுடையது. ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இப்படி விலை இருக்கிறது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியின் மேல் இருப்பதால், கிளையில் கைவிரித்தால் அத்துடன் திரும்பிவர வேண்டியதில்லை. 30 நாட்களுக்குள் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், விவரங்களுக்கு 14448.

நகலாகக் கொடுத்த பானும் ஆதாரும் பல மாதம் கழித்து வேறொருவர் வாங்கிய கடனாகத் தலைகாட்டலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வாங்கினால் ஆண்டு முழுதும் கண்காணிக்கலாம். தெரியாத கடன் தென்பட்டால் அந்த நிறுவனத்திடமும் கடன் கொடுத்த வங்கியிடமும் எழுத்தில் மறுக்க வேண்டும்.